யாழ்ப்பாணம் போய் வந்தவர்களையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் சென்ற வாரம் ஒரு அன்பர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று போய்விட்டது, பட்டாளத்தில் சேர ஆளே வருவதில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவரை ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வரச் சொல்லுங்கள். இருபது முப்பது பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். நான்கு வருஷத்துக்கு மட்டும் பட்டாளத்தில் ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும், முழு மதிப்பெண் வேண்டுமென்றால் கம்பியில் தொங்கி பத்து முறை மேலே ஏற வேண்டும். அந்தக் கூட்டத்தில் என் மகள் வயிற்றுப் பேரனும் ஒருவன்.

வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் இது புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்து முதல் உலகப் போரிலிருந்தே ஆள் போன மண். ஏரி நிரம்பாத வருஷத்தில் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் அதிகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாட்டுப்பற்று இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களை முதலில் ஓட வைத்தது வயிறு. நாட்டுப்பற்றெல்லாம் பயிற்சி முடிந்து, பக்கத்துப் படுக்கைக்காரன் ஒரிசாவா, பஞ்சாபா என்று பார்க்காமல் ஒரே மக்கில் டீ குடிக்கும்போதுதான் வந்து சேர்ந்தது.

நான் 1980இல் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தேன். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி. நடுவே 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையிலும் இருந்தேன். 2004இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். சாப்பர் வேலை என்றால் பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. துப்பாக்கி தோளில் தொங்கினாலும் கையில் பெரும்பாலும் மண்வெட்டியும் கம்பியும்தான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2025 மே மாதத்திலிருந்தே சொல்ல நினைத்தது ஒன்று இருக்கிறது. காஷ்மீரில் பஹல்காமில் தீவிரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்குப் பதில் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் மே 7 முதல் 10 வரை பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நான்கு நாள் டிவி பார்த்தீர்களே, எப்படி இருந்தது? கராச்சி துறைமுகத்தையே தகர்த்துவிட்டதாக ஒரு ராத்திரி முழுக்க வடக்கத்திச் சேனல்கள் கத்தின. மறுநாள் துறைமுகம் அங்கேயேதான் இருந்தது. ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்துகொண்டு விமானத் தாக்குதல் சைரனை ஓடவிட்டார்கள். நிகழ்ச்சிகளில் சைரன் சத்தம் போடாதீர்கள் என்று மத்திய அரசே சொல்ல வேண்டிவந்தது. எங்கள் தெருவில் ஒரு பையன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல என்னிடம் வந்து, "தாத்தா, எத்தனை விழுந்துச்சு?" என்றான்.

எனக்கு அப்போது ஜம்மு காஷ்மீர் எல்லையில் இருக்கும் பூஞ்ச் ஞாபகம். 1990களில் அந்தப் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். பூஞ்ச் டவுன் எல்லைக்கு அப்பால் இருக்கும் பீரங்கிக்கு எட்டும் தூரம். அங்கே குடியிருப்பவர்களுக்குப் போர் என்பது டிவியில் வரும் படம் அல்ல, கூரையைத் துளைத்துக்கொண்டு சமையல்கட்டில் விழுவது. அந்த நான்கு நாளிலும் அங்கே குழந்தைகள் உட்படப் பலர் செத்தார்கள். எத்தனை சேனல் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றது?

சரி, இப்போது சொல்ல வந்த விஷயம். மே 10 மாலை சென்னையில் முதல்வர் ஸ்டாலின் தலைமையில் ராணுவத்துக்கு ஆதரவாக ஊர்வலம் நடந்தது. டிஜிபி அலுவலகத்தில் கிளம்பி தீவுத்திடல் போர் நினைவுச்சின்னம் வரை. முன்னாள் படைவீரர்கள் பலர் நடந்தார்கள். என் கூட்டாளிகளும் சிலர் போயிருந்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி, போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். பார்க்கும்போது 1990 மார்ச் மாதம்தான் மனதில் ஓடியது.

அந்த மாதம் 24ஆம் தேதி இலங்கையிலிருந்து இந்திய அமைதிப் படையின் கடைசிக் கூட்டம் திருகோணமலையில் கப்பலேறியது. நானும் அதில் இருந்தேன். சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். அப்போதைய முதல்வர் கருணாநிதி வரவில்லை. தமிழர்களைக் கொன்றுவிட்டு வரும் படையை வரவேற்க முடியாது என்பது அவருடைய நிலை. எனக்கு அதில் வருத்தமா என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. என் கூடப் பிறந்த தம்பியே அந்தப் பேச்சைத்தான் பேசினான், முதல்வர் பேசினால் என்ன?

தம்பி கட்சிக்காரன். இளைஞர் அணியில் பொறுப்பில் இருந்தான். 1989இல் நான் லீவில் வந்தபோது பஸ் நிறுத்தத்தை ஒட்டிய சுவரில், 'இந்திய ராணுவமே வெளியேறு' என்று நீலச் சாயத்தில் பெரிதாக எழுதியிருந்தது. அவன் 'று' எழுதினால் வாலைக் கீழே இழுத்து அடிக்கோடு மாதிரி நீட்டுவான். பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன். அம்மா அன்றைக்குக் களி கிண்டியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் போட்டு, குழம்பை நடுவில் ஊற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். தின்றோம். பேசவில்லை. தின்று முடித்த பிறகு தம்பி ஒன்று மட்டும் கேட்டான்: "அங்க தமிழ்ல அழுவாங்களா, எப்பிடி அழுவாங்க?"

தமிழில்தான் அழுதார்கள். எங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அதனால் மற்ற படைப்பிரிவுகள் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது, பேசுவதற்கு எங்களில் ஒருவரை அழைத்துப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் ஒரு வீட்டில் ஒரு வயதான அம்மா, கிடுகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நான் பேசியதும் அப்படியே பார்த்தார். "தம்பி, உமக்குத் தமிழ் தெரியுமோ? அப்ப ஏன் எங்களை அடிக்கிறியள்?" என்றார். கூட வந்த அதிகாரி அவர் என்ன சொல்கிறார் என்று இந்தியில் கேட்டார். வீட்டில் ஆண்கள் யாருமில்லை என்கிறார் என்று சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதான்.

ஆனால் முதலில் இப்படி இல்லை. பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1987 ஜூலை 29. ஆகஸ்டில் நாங்கள் யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத் தளத்தில் இறங்கினோம். எங்கள் லாரிக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். முதலில் எங்களுக்கு வேலையே பழைய கண்ணிகளை எடுத்துப் பாதையைச் சரிசெய்து கொடுப்பதுதான். மக்கள் கூடவே நின்று இங்கே ஒன்று இருக்கிறது, அங்கே ஒன்று இருக்கிறது என்று காட்டுவார்கள். செப்டம்பர் 26இல் நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்திலேயே இறந்தார். அக்டோபர் 5இல் பலாலியில் இலங்கை ராணுவக் காவலில் இருந்த புலித் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா உள்ளிட்டவர்கள் சயனைடு கடித்துச் செத்தார்கள். அந்த வாரத்திலேயே எல்லாம் தலைகீழ், எங்களுக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய காலாட்படை வீரர்கள் முப்பது பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் போனார்கள். புலிகள் எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சரியான தகவல் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள். ஆகஸ்டில் மாலை விழுந்த அதே பாதையில் நாங்கள் அக்டோபரில் தவழ்ந்தோம்.

கண்ணிவெடி எடுப்பது பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. யாழ்ப்பாணத்து மண் செம்மண். தோண்டி மூடிய இடம் முதல்நாள் கருஞ்சிவப்பாக ஈரம் காட்டும். ஒருநாள் வெயில் பட்டால் போதும், பழைய நிறத்துக்குப் போய்விடும், அப்புறம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தார் ரோட்டில் மேலே கை வைக்கவே மாட்டார்கள், பக்கவாட்டில் குடைந்து உள்ளே செருகுவார்கள். டிடெக்டர் வைத்துப் பார்த்தால் குண்டுச் சிதறலும் ஆணியும் தகரமும் அடி அடிக்கு அலறும். அதனால் பாதையைப் பார்க்காமல் பாதை ஓரத்தைப் பார்ப்போம். புகையிலைத் தோட்டத்துக்குள் ஒயர் ஓடுகிறதா, புல் ஒரு கோடாகச் சாய்ந்திருக்கிறதா, மதகுக்கு அடியில் புதுச் சாணி கிடக்கிறதா என்று. பின்னாளில் முல்லைத்தீவுக் காட்டில் மரப்பெட்டியில் செய்த மிதிவெடி வந்தது. அதற்கு டிடெக்டரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கம்பியைச் சாய்வாகக் குத்தி, கை உணர்வை நம்பி, ஒரு முழம் ஒரு முழமாக நகர வேண்டும். முழங்கால் இன்றைக்கும் வலிப்பது அதனால்தான் என்று டாக்டரிடம் சொன்னேன், அவர் வயசு என்றார்.

அந்தக் காட்டில் எங்கள் பிரிவில் ஒருவனை இழந்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. பெட்டியை ஒப்படைக்க நானும் இன்னொருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா அழவில்லை. "தமிழ் பேசுற ஊர்லதானே இருந்தான். அங்க எதுக்குப்பா சாவணும்?" என்றார். மாவட்ட அலுவலகம், பென்ஷன், அது இது என்று நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தரப்பில் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதிக் கதை. 1987 அக்டோபர் 21ஆம் தேதி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் நம் படையின் கையால் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் அப்படித்தான் நடந்தது. உள்ளேயிருந்து சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்று நம் தரப்பில் சொல்வார்கள். நான் அந்த இரண்டு இடத்திலும் இல்லை. ஆனால் கட்டிலில் படுத்திருந்தவன் சுட்டிருக்க மாட்டான் என்று சொல்ல அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. இதை எழுதினால் என் கூட்டாளிகளில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கும் அவர்களுக்கும் முப்பது வருஷத்துப் பழக்கம், தாங்கும். கடிதம் நீளம் என்று தோன்றினால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்தப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

1990இல் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். அடுத்த வருஷம் மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்டார். நான் லீவில் வந்து முடிவெட்டப் போனேன். கத்திரியை நிறுத்திவிட்டு அந்த அண்ணன் கேட்டார்: "அன்னைக்கே மொத்தமா முடிச்சிட்டு வந்திருக்க வேணாமா நீங்க?" முந்தின வருஷம் என்னைக் கொலைகாரன் என்று பேசியவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் 2009, இலங்கையில் கடைசிக் கட்டப் போர். தம்பியும் அவன் கட்சிக்காரர்களும் நாலு ரோட்டில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தம்பி பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் எனக்கும் ஒரு டம்ளர் எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தான். இப்போது 2025இல் ஊர்வலம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி மேடையிலும் எங்களுக்குப் பொன்னாடை. வாங்கிக்கொள்கிறேன், வீட்டில் ஜன்னலுக்குத் திரையாகப் போட்டிருக்கிறாள் என் மனைவி.

இந்த நாற்பது வருஷத்தில் திட்டினவர்களும் கைதட்டினவர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. யாருமே அங்கே என்னப்பா நடந்தது என்று உட்காரவைத்துக் கேட்கவில்லை.

கேட்டது ஒரே ஒருவர். பட்டாளத்தை விட்டு வந்த பிறகு நான் கட்டட மேஸ்திரிகளுக்கு மேற்பார்வை வேலை பார்த்தேன். சில வருஷத்துக்கு முன் அரசு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் புது வீடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண், நான் பழைய ராணுவம் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, "எந்த மாசம் அங்கை நிண்டனீங்கள்?" என்றார். சொன்னேன். அவர் அந்த அக்டோபரில் பள்ளிக்கூடப் பிள்ளை. ஊரடங்கு போட்டு, குண்டு விழுந்து, ஜனங்களெல்லாம் நல்லூர்க் கோயிலில் போய் அடைந்து கிடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். அவருடைய அப்பா வீட்டில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர். மாடு இரண்டு நாள் கழித்துத் தானாகக் கோயில் பக்கம் வந்ததாம். அவர் சொல்லிக்கொண்டே போனார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மதகு, கம்பி, மரப்பெட்டி என்று நானும் சொன்னேன். அவரும் கேட்டார். மன்னிப்பு, கண்ணீர் என்று ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "பின் கதவை அந்தப் பக்கம் வையுங்கோ, இஞ்சாலை வெயில்" என்றார். வரைபடத்தில் அப்படி இல்லை. மாற்றி வைத்தோம்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இப்போது தினமும் அதே பேச்சு. மகள் வேண்டாம் என்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் முனையிலேயே நின்று "மணியார்டர்" என்று கத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். இல்லையென்றால் தந்தியோ என்று பெண்கள் பதறிவிடுவார்கள். அந்தக் குரல் வந்த பிறகுதான் அம்மா மூச்சு விடுவாள், நான் பார்த்திருக்கிறேன் என்கிறாள் மகள். மனைவியின் கணக்கு வேறு. "உங்களுக்காவது பென்ஷன் வந்துச்சு, கேன்டீன் கார்டு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. இவனுக்கு நாலு வருஷம். நாலு பேர்ல ஒருத்தனைத்தான் வெச்சுக்குவாங்களாம். மிச்ச மூணு பேரு பதினொன்னரை லட்சம் சொச்சத்தை வாங்கிக்கிட்டு இருபத்திரண்டு வயசுல வந்து வாட்ச்மேன் வேலை தேடணுமா?" பாராளுமன்றத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஏரிக்கரையில் உட்காரவைத்து, மேலே எழுதியதை எல்லாம் ஆஸ்பத்திரி உட்பட அவனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "மரப்பெட்டியைக் கண்டுபிடிக்க இப்ப ஏதாச்சும் மெஷின் வந்திருக்கா தாத்தா?" என்றான். மறுநாளும் ஓடப் போனான். அவன் வயதில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் தெரிந்துகொண்டு போகிறான். எனக்கு 1987இல் பலாலியில் இறங்கியபோது அந்த வசதி இருக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். இலங்கை அரசே கொழும்புப் பக்கம் பாராளுமன்றத்துக்கு அருகில் எங்கள் ஆட்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி நினைவிடம் வைத்திருக்கிறது. பலாலியில் இருந்ததைப் புதுப்பித்து 2015இல் திறந்தார்கள். டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்திலும் பெயர்கள் இருக்கின்றன. எனக்கு இன்னொரு கல் வேண்டாம். 1987இல் இருபத்தைந்து வயதில் போனவனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, மாதம் ஒருவர் இருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம். முகாம்களில் இருக்கும் பெரியவர்களும் அப்படித்தான். வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை பக்கம் அந்தப் படையில் இருந்தவர்களையும், அந்த மாதங்களில் அங்கே ஜனங்களாக இருந்து பிறகு இங்கே வந்தவர்களையும் பேசவைத்து எழுதி வாங்குங்கள். பல்கலைக்கழகங்கள் செய்யலாம், அரசு ஆவணக் காப்பகம் செய்யலாம். அவர்கள் தொடங்கும்வரை நீங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வீரக் கதை, பதக்கக் கதை மட்டும் போட்டால் எனக்கு வேண்டாம், அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். என் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரிடம் கேட்டுவிட்டேன், பேசத் தயார். முகாமில் அந்த அம்மாவிடமும் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

என் பெயரைப் போட வேண்டாம். தம்பிக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், மெட்ராஸ் சாப்பர்ஸ்,
வேலூர் மாவட்டம்.